எள்ளளவு

திங்கள் முதல் சனி வரை
எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து
மலையைத் தாளில் இறக்குகிறவன் நான்.
வண்டி எண், வெறும் எடை, பார எடை.
நேற்று நாற்பத்தேழு லாரி.
கழித்தால் வருவது சுண்ணாம்புக்கல்.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
அந்த மேடை பொருட்படுத்தாது.

ஞாயிறு
அதே மலையின் கிழக்குப் பக்கம்
வயிற்றால் ஊர்கிறேன்.

முன்னால் ஊர்கிறவள் பெயர் நோ போ வா.
கரேன் மொழியில் வெள்ளைப் பூவாம்.
என் காதில் அது இரண்டு ஏவல்.
இடுக்கில் தோள் சிக்கிக்கொண்டு
அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது
போகச் சொன்னேனா வரச் சொன்னேனா,
எனக்கே விளங்கவில்லை.
நாங்கள் பேசிக்கொள்வது பர்மியத்தில்.
இருவருக்கும் அது பள்ளிக்கூடத்தில் கிடைத்தது.

பா-அன் பேருந்து நிலையத்தில்தான் பழக்கம்.
ரங்கூனில் படிக்கிறாள், நத்தை பொறுக்குகிறாள்,
மோட்டார் சைக்கிள் உள்ள ஆள் தேவைப்பட்டது.
நீ என்ன வேலை என்று கேட்டாள்.
லாரி ஆபீஸ் என்றேன்.
பொய் இல்லை.

வாசலில் உள்ளங்கையகல மண் புத்தர்கள்
சுவர் நெடுக நெருக்கியடித்து.
தாண்டினால் வௌவால் எரு, கண் கரிப்பு,
காலையில் மூட்டை கட்டியவன் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
அதையும் தாண்டினால்
வாசனையே கிடையாது.

அங்கே விரல்நுனியை நாக்கில் நனைத்து
பாறையில் ஒற்றி
என் நெற்றி விளக்குக்கு நேராக நீட்டினாள்.
ஓர் எள்.
எள்ளுக்கு ஓடு இருந்தது.
ஓட்டுக்கு வாய், வாய்க்குள் பல்.
ஒழுங்காகச் சுற்றிச் சுற்றி வந்து
கடைசிச் சுற்றில் மட்டும் மனம் மாறி
மேலே பார்த்துத் திரும்பிக்கொண்ட வாய்.

இந்த மலையில் மட்டும்தான் உண்டு என்றாள்.
எதிர்மலையில்?
அங்கே இருப்பது வேறு.
நடுவில் வயல் இருக்கிறதே,
இதற்கு அது கடல்.

வழியில் பாறை மேல் சிவப்புச் சாயக் கோடு.
இந்தப் பக்கம் அரசாங்கக் காப்புநிலம்,
அந்தப் பக்கம் சிமெண்ட்.
பூமிக்குள்ளும் வந்து யார் போட்டார்களோ.
கோட்டின் மேலேயே ஒன்று உட்கார்ந்திருந்தது,
சாயம் காயும் முன்பே வந்ததுபோல
ஓரம் சிவந்து.

இன்னும் முப்பது அடியில் முடிந்துவிடும்,
வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றாள்.
முடியவில்லை.
இருட்டு இருக்கவேண்டிய இடத்தில்
தட்டளவு வெளிச்சம்.
விளிம்பெல்லாம் புதிய கல், வெள்ளை,
விரலில் மாவாக ஒட்டியது.
சனிக்கிழமை நாலு மணி வெடி.
அதை நான் கூண்டுக்குள்
டீ குடித்தபடி கேட்டிருந்தேன்.

ஓட்டை வழியே பார்த்தோம்.
கீழே மஞ்சள் இயந்திரங்கள், ஆளில்லாமல்.
தகரக் கூண்டு. ஒரு நாற்காலி.
ஜன்னல் கம்பியில் தொங்கும் கறுப்புக் குடை.
யாரோ குடையை மறந்துவிட்டார்கள் என்றாள்.
ஆமாம் என்றேன்.
வெள்ளி மாலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன் அதை.

வெளியே வந்து, கைவிட்ட பழைய குவாரியில்
தேங்கிய பச்சைத் தண்ணீரை வாளியில் மொண்டு
குகை மண்ணைக் கொட்டிக் கலக்கினாள்.
மண் அடியில் போயிற்று.
வெற்று ஓடுகள் மேலே வந்தன,
பத்து, நூறு, அப்புறம் வாளி வட்டம் முழுக்க.

எள்ளும் தண்ணீரும்.

வாளியை என்னிடம் கொடுத்துவிட்டு
வடிகட்டித் துணி தேடப் போனாள்.
நான் ஒரு கை அள்ளினேன்.
ஆற்றங்கரையில் மூன்று வருடம் முன்
அப்பாவுக்கு இறைத்த கை.
யாரும் சொல்லாமலே அது
கட்டைவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியது.

ஏய், கொட்டிவிடாதே, என்று
பாறைக்குப் பின்னாலிருந்து கத்தினாள்,
இன்னும் எண்ணவில்லை.